புதிய நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கான வழிகாட்டல்

நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் செவிலியப் பட்டத்துக்கு மேல் உயர்நிலைப் பயிற்சி பெற்ற செவிலியர் ஆவார். நோயாளியின் உடல்நிலையை முழுமையாக மதிப்பிடுவது, பரிசோதனை முடிவுகளைப் படித்துப் பொருள்கொள்வது, மருத்துவமனை வகுத்த நெறிமுறைக்கு உட்பட்டுச் சிகிச்சையைத் தொடங்குவது ஆகியவை அவரது பணிகள். தகுதி பெற்ற முதல் ஓராண்டு அல்லது ஈராண்டுக் காலத்தில், அனுபவமுள்ள ஒருவர் அவருக்கு முறையாகத் துணைநிற்கும் ஏற்பாடு வழிகாட்டல் எனப்படுகிறது. படிப்புக் காலத்தில் கற்றுத்தரும் பிரிசெப்டர் வேறு, பணியைக் கண்காணிக்கும் மேலதிகாரி வேறு. படிப்பு முடிந்த பிறகும் உடனிருப்பவரே வழிகாட்டி.

தோற்றம்

இப்பணி அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 1965ஆம் ஆண்டு தொடங்கியது. செவிலியர் லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் சேர்ந்து குழந்தைகள் நலனுக்கான முதல் பயிற்சியை உருவாக்கினர். இந்தியாவில் 2010களின் இரண்டாம் பாதியில் இந்திய நர்சிங் கவுன்சில், தீவிர சிகிச்சைக்கான இரண்டாண்டு முதுநிலைப் படிப்பை வகுத்தது. இதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் வகுப்பறைப் பாடம். மீதி முழுவதும் வார்டில் நோயாளியின் அருகில் நடைபெறுகிறது. மகப்பேற்றுத் துறைக்கென 18 மாதப் பயிற்சி ஒன்றை 2018ஆம் ஆண்டின் நடுவண் அரசு வழிகாட்டு நெறிகள் முன்வைத்தன.

முதல் ஆண்டின் சிக்கல்

மார்லின் கிரேமர் 1974ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், கல்லூரியில் கற்ற செவிலியமும் வார்டில் காணும் செவிலியமும் மோதும்போது புதியவருக்கு ஏற்படும் அதிர்ச்சியை விவரித்தார். பாட்ரிசியா பென்னர் 1984இல், செவிலியர் ஒருவர் தொடக்கநிலையிலிருந்து வல்லுநர்நிலை வரை ஐந்து படிகளைக் கடக்கிறார் என்று விளக்கினார். நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு இதில் ஒரு தனித் துன்பம் உண்டு. பத்தாண்டு தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து, இளம் மருத்துவர்களே சந்தேகம் கேட்கும் அளவுக்குத் தேர்ந்த ஒரு செவிலியர், புதிய தகுதியுடன் திரும்பும்போது மறுபடியும் முதற்படியில் நிற்கிறார். மற்றவர்கள் அவரைப் பழைய வல்லுநராகவே பார்க்கிறார்கள். அதனால் உதவி கேட்க அவருக்கு வாய் வருவதில்லை. கேட்காமல் விட்டால் பாதிப்பு நோயாளிக்கு.

இந்தியச் சூழலில் இன்னொன்றும் சேர்கிறது. பல மருத்துவமனைகளில் இவர்களுக்கெனத் தனிப் பணியிடம் இல்லை. இரண்டாண்டு கற்றவர் வழக்கமான ஸ்டாஃப் நர்ஸ் பணிக்கே திரும்பினால், கற்றதைச் செய்துபார்க்கும் வாய்ப்பும் குறைகிறது, வழிகாட்டவும் ஆள் கிடைப்பதில்லை. பணியிடத்தை உருவாக்காமல் வழிகாட்டியை மட்டும் நியமிப்பதில் பெரிய பயன் இராது.

புதுச்சேரியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

புதுச்சேரியில் மருத்துவக் கல்வியின் வரலாறு 1823இல் பிரெஞ்சு அரசு தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து தொடங்குகிறது. அதன் வழிவந்த ஜிப்மர் இன்று கோரிமேட்டில் உள்ளது. அதன் செவிலியர் கல்லூரி 2006இல் தொடங்கப்பட்டது. மேட்டுப்பாளையம் போன்ற நகர்ப் பகுதிகளிலிருந்து மட்டுமல்லாமல், விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் விவசாய ஊர்களிலிருந்தும் புதுச்சேரி மருத்துவமனைகளுக்கு நோயாளிகள் வருகின்றனர். இத்தகைய வட்டாரங்களின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்குப் பூச்சிமருந்து நச்சு பழக்கமான ஒன்று. வழிகாட்டி என்ன செய்கிறார் என்பதை இதைக் கொண்டு புரிந்துகொள்ளலாம்.

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தை உட்கொண்டவருக்கு அட்ரோபின் கொடுக்கப்படுகிறது. நுரையீரலில் நீர்ச்சத்தம் நீங்குகிறதா, நாடித்துடிப்பு 80க்கு மேல் ஏறுகிறதா, மேல் இரத்த அழுத்தம் 80க்கு மேல் நிற்கிறதா, அக்குள் உலர்ந்திருக்கிறதா என்று பார்த்து அளவைக் கூட்ட வேண்டும். இவை பாடப்புத்தகத்தில் உள்ளவை. புதியவர் பிழையின்றிச் சொல்லிவிடுவார். இரண்டாம் நாள் நோயாளி கண் விழித்துப் பேசுகிறார், வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். அப்போது அனுபவமுள்ளவர் அருகில் வந்து, "தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள்" என்கிறார். நோயாளியால் முடியவில்லை. கழுத்துத் தசை தளர்வது, அடுத்து மூச்சுத் தசைகளும் தளரக்கூடும் என்பதற்கான எச்சரிக்கை. நஞ்சு உட்கொண்ட 24 முதல் 96 மணி நேரத்துக்குள் தோன்றும் இந்நிலையை 1987ஆம் ஆண்டு உலகுக்கு விவரித்தவர்கள் இலங்கை மருத்துவர்களான சேனநாயக்கவும் கரள்ளியத்தவும். இதைப் புதியவரும் எங்கோ படித்திருப்பார். ஆனால் எந்த நோயாளியிடம், எந்த வேளையில் நினைவுக்கு வரவேண்டும் என்பது பக்கத்தில் நின்று பழகினால்தான் வருகிறது.

கற்பிக்கும் முறை

நெரிசலான வார்டில் நீண்ட பாடம் நடத்த இயலாது. 1992இல் மருத்துவக் கல்வியாளர்கள் முன்வைத்த 'ஒரு நிமிடப் பிரிசெப்டர்' முறை இதற்குப் பொருந்துகிறது. வழிகாட்டி முதலில் விடை சொல்வதில்லை. "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு, புதியவரை ஒரு முடிவு சொல்ல வைக்கிறார். எதனால் அப்படி நினைத்தார் என்று அடுத்துக் கேட்கிறார். பிறகு பொதுவிதி ஒன்றைச் சொல்லி, சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுப் பாராட்டி, பிழையைத் திருத்துகிறார். முதல் கேள்விதான் கடினமானது. மூத்தவர் சொல்லிக் கேட்டே பழகிய வார்டுகளில், தவறாக இருந்தாலும் சொந்த முடிவை வாய்விட்டுச் சொல்வது புதியவருக்கு எளிதல்ல.

இதனால் யார் வழிகாட்டி என்பது முக்கியமாகிறது. புதியவரின் ஆண்டு மதிப்பீட்டை எழுதும் மேலதிகாரியே வழிகாட்டியாகவும் இருந்தால், "எனக்குத் தெரியவில்லை" என்ற சொல் எழாது. மூத்த நர்ஸ் பிராக்டிஷனர்கள் குறைவாக உள்ள இந்தியாவில், தீவிர சிகிச்சை மருத்துவர் ஒருவரும் மூத்த செவிலியர் ஒருவரும் சேர்ந்து அப்பொறுப்பை ஏற்கலாம். மருத்துவர் மட்டும் வழிகாட்டினால், புதியவர் குறைந்த அதிகாரம் கொண்ட மருத்துவராக மாறிவிடும் ஆபத்து உண்டு. நோயாளியின் வலி, தூக்கம், உறவினரின் அச்சம் ஆகியவற்றைக் கவனிக்கும் செவிலியக் கண் மங்கிப்போகிறது.

பிற முயற்சிகள்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 2007ஆம் ஆண்டு, ஒரு சமூக நல மையத்தில் புதிய நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு ஓராண்டு ரெசிடென்சி பயிற்சி தொடங்கியது. பின்னர் இம்முறை பல இடங்களுக்குப் பரவியது. இந்தியாவில் இதற்கு நெருக்கமான அனுபவம் வடகர்நாடகத்தில் கிடைக்கிறது. அங்கு சுக்ஷேமா திட்டத்தின்கீழ், பயிற்சி பெற்ற செவிலிய வழிகாட்டிகள் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு நேரில் சென்று, பிரசவம் பார்க்கும் செவிலியர்களுடன் தங்கிப் பணியாற்றினர். நோயாளிக் குறிப்புகளைச் சேர்ந்து படிப்பதும், மருந்து அலமாரியில் என்ன குறைகிறது என்று பார்ப்பதும் அவர்களது வேலையில் அடங்கின. அவர்கள் கற்பிக்கச் சென்றது, செவிலியர் தினமும் நிற்கும் அதே பிரசவ அறையில்.