வெயில் கண்ட கடைசி நாள்

ஆனி மாதத்துச் சனிக்கிழமை, விடிவதற்கு முன்பே நாகர்கோவிலிலிருந்து நாலு பேர் காரில் கிளம்பினோம். தோவாளை வரை தூறல். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வண்டியைப் பிடித்து உலுக்கியது. காவல்கிணறு வந்தபோது வானம் வெளுத்துவிட்டது. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைக்கு இந்தப் பக்கம் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே இறங்குகிறது. நாங்கள் பார்க்கப் போன மணற்காட்டைக் குவித்ததில் அந்த வறண்ட காற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

திசையன்விளை, சாத்தான்குளம் வழியாகக் குதிரைமொழித் தேரி என்னும் அந்த மணற்காட்டுக்கு இரண்டு மணி நேரம். பனங்காட்டுக்குள் போய்க்கொண்டிருந்த சாலையின் இருபுறமும் சட்டென்று சிவந்தது. வற்றல் மிளகாயை இடித்துப் பரப்பிவைத்தது போன்ற சிவப்பு. "ராஜஸ்தானுக்குப் போவாண்டாம் மக்கா, எல்லாம் இங்கயே கெடக்கு" என்றான் நண்பன்.

பார்வைக்கு அப்படித்தான். ஆனால் ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழை பெய்யும் இடத்தையே பொதுவாகப் பாலைவனம் என்கிறார்கள். தேரிக்கு ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையே அதைத் தாண்டிவிடும். பனையும் உடைமரமும் முந்திரியும் நிற்கிற நிலம் இது.

ஒரு பிடி மணலை அள்ளித் தேய்த்துப் பார்த்தேன். மணல் கொட்டிய பிறகும் உள்ளங்கை ரேகைகளில் செந்தூள் படிந்திருந்தது. தேரியின் ரகசியம் அந்தத் தூளில்தான் இருக்கிறது. மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். அதற்கு நிறமே கிடையாது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பாலிதீன் பைக்குள் போட்டு மணலுக்குள் உழுதபோது, கறுப்புத் துகள்கள் தாடிபோல் ஒட்டிக்கொண்டு வந்தன. இரும்புத் தாதுக்கள். மழைநீரும் காற்றும் பட்டுப் பட்டு இந்தக் கனிமங்கள் மெல்லச் சிதைகின்றன. அவற்றிலிருந்து விடுபடும் இரும்பு, துருவாக மாறி ஒவ்வொரு குவார்ட்ஸ் மணியின் மேலும் மெல்லிய தோலாகப் படிகிறது. நீர் தேங்காமல் வடிந்துபோகிற, காற்று நன்றாக உட்புகுகிற மேட்டில்தான் இது நடக்கும். அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். சில கிலோமீட்டர் தள்ளி மணப்பாட்டுக் கடற்கரையில் மணல் வெளுத்துக் கிடக்கிறது. அது இன்னும் தோல் போர்த்தாத மணல்.

எத்தனை ஆயிரம் ஆண்டுகள் என்று எப்படிச் சொல்வது? மணலையே கேட்கலாம் என்பது எனக்கு இன்றும் வியப்பு. மண்ணில் மிகச் சிறிய அளவில் இருக்கும் யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் ஓயாமல் கதிர்வீசுகின்றன. அந்த ஆற்றலில் கொஞ்சம், புதைந்து கிடக்கும் குவார்ட்ஸ் மணிக்குள் சிக்கிக்கொள்கிறது. உண்டியலில் காசு சேர்வது போல ஆண்டுக்காண்டு அது கூடும். மணல் வெயிலுக்கு வந்தால் உண்டியல் காலி. ஆகவே ஆய்வாளர்கள் இரும்புக் குழாயை மேட்டின் பக்கவாட்டில் அடித்து இறக்கி, வெளிச்சம் படாமல் மணலை எடுத்து மூடிக் கொண்டுபோகிறார்கள். மங்கிய சிவப்பு விளக்கு மட்டும் எரியும் ஆய்வகத்தில் அதன் மீது ஒளியைப் பாய்ச்சினால், மணல் தான் சேர்த்துவைத்ததை மினுக்கமாகத் திருப்பித் தருகிறது. அந்த மினுக்கத்தை அளந்தால், அந்த மணி கடைசியாக வெயிலைக் கண்டது எப்போது என்று கணக்கிட்டுவிடலாம். தேரியின் சில அடுக்குகள் 10,000 ஆண்டுகளுக்கும் முன்பே இருட்டுக்குள் போனவை.

அந்த மணலுக்கு மனிதர்களையும் தெரியும். நகத்தளவே இருக்கும் கற்கருவிகள் தேரிகளில் கிடைத்திருக்கின்றன. ஆய்வாளர்கள் ஸோய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956இல் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள்.

வெயில் ஏறியதும் செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை. பனையடியில் நின்ற அண்ணாச்சி ஒருவர் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார். எங்கள் ஊரில் அதற்கு அக்கானி என்று பெயர். "இந்தக் கொதிக்கிற மண்ணுல பனைக்குத் தண்ணி ஏது அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் காலால் மணலைப் பறித்துக் காட்டினார். ஒரு முழத்துக்குக் கீழே ஈரம்.

களிமண் தரையில் மழை ஓடிவிடும். தேரியில் ஓடுவதற்கு வழியில்லை, விழுந்த இடத்திலேயே இறங்கும். பிறகு மேல்மணல் காய்ந்து மூடிபோல ஆகிவிடுவதால், கீழே உள்ள ஈரம் எளிதில் மேலேறி ஆவியாக முடிவதில்லை. இறங்கிய நீர் அடியிலுள்ள இறுகிய அடுக்கில் தங்கி, தாழ்வான இடத்தில் கசிகிறது. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் பெயர் தந்த சுனை தேரியை ஒட்டியே இருக்கிறது. தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் கள்ளர் வெட்டுத் திருவிழா முடிந்ததும் மக்கள் இந்தச் செம்மணலையே முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். நீரைக் காத்துவைக்கும் மண்ணைக் கும்பிடுவது எனக்கு மிகச் சரியாகவே படுகிறது.

ஞாயிறு மாலை ஊர் திரும்பிய கையோடு முட்டம் போனோம். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை பார்த்த இடம். கடலுக்கு மேலே நிற்கும் அந்தச் செம்மண் மேடும் தேரி மணலின் சொந்தம்தான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. மழைநீர் அரித்த ஓடைகள் மேட்டைக் கீறிக்கொண்டு இறங்கியிருந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பிலிருந்து ஒரு கைப்பிடி மண் உதிர்ந்து சரிந்தது. எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு அதன் மீது சாயங்கால வெயில் பட்டது. அடுத்த அலை வந்து அதை அள்ளிக்கொண்டு போனது.