வளையும் ஆன்டெனா: உலோகத்தின் இடத்தில் பாலிமர்

மின்காந்த அலைகளை அனுப்பவும் பெறவும் உதவும் ஆன்டெனாக்கள் நெடுங்காலமாகச் செம்பு, அலுமினியம் முதலிய உலோகங்களாலேயே செய்யப்பட்டு வந்தாலும், உடையிலும் உடலிலும் ஒட்டிக்கொள்ளும் உணரிகள் பெருகிவரும் இக்காலத்தில், அடிக்கடி மடங்கும் செம்புத் தகட்டில் நுண்விரிசல் விழுந்து மின்னோட்டப் பாதை அறுபடுவதால், மின்கடத்தும் பாலிமர்களின்பால் ஆய்வாளர்களின் கவனம் திரும்பியுள்ளது.

சிறு மூலக்கூறுகள் நீண்ட சங்கிலியாகப் பிணைந்து உருவாகும் பாலிமர், மின்கம்பிக்கு உறையாகும் அளவுக்கு மின்சாரத்தைத் தடுக்கும் பொருளாகவே அறியப்பட்டிருந்தது. பாலிஅசெட்டிலீன் படலத்தில் அயோடின் ஆவியைப் படியவிட்டால் அதன் கடத்துதிறன் பன்மடங்கு உயர்வதை ஹிடெக்கி ஷிராகாவா, ஆலன் மெக்டயார்மிட், ஆலன் ஹீகர் ஆகியோர் 1977-இல் வெளியிட்டனர்; 2000-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வரும் அச்சங்கிலியிலிருந்து அயோடின் சில எலக்ட்ரான்களைக் கவர்ந்துகொள்ள, அதனால் உண்டாகும் வெற்றிடங்களின் வழியே மின்னூட்டம் நகர்கிறது.

காற்றுப்பட்டால் சிதையும் பாலிஅசெட்டிலீனைவிட, நீரில் கலந்து மைபோல அச்சிடத்தக்க பெடாட்-பிஎஸ்எஸ் என்னும் கலவையே இன்று பெரிதும் பயன்படுகிறது. எத்திலீன் கிளைக்கால் போன்ற கரைப்பான்களால் பக்குவப்படுத்தினால் அதன் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 1,000 சீமென்ஸ் அளவை எட்டும் என்றாலும், அது செம்பின் கடத்துதிறனில் ஏறத்தாழ அறுநூற்றில் ஒரு பங்கே.

இங்கேதான் உண்மையான சிக்கல் எழுகிறது. உயர் அதிர்வெண் மின்னோட்டம் கடத்தியின் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கிலேயே ஓடும். கடத்துதிறன் குறையக் குறைய அவ்வடுக்கு தடிக்கும். வைஃபை, புளூடூத் கருவிகள் இயங்கும் 2.45 ஜிகாஹெர்ட்ஸில் செம்புக்கு அது சுமார் 1.3 மைக்ரோமீட்டர் என்றால், மேற்சொன்ன பாலிமருக்கோ 30 மைக்ரோமீட்டருக்கு மேல். ஒரு முறை பூசும் படலம் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டரைக்கூட எட்டாது; ஆகவே அடுக்கடுக்காகப் பூசாவிட்டால், ஆன்டெனாவுக்குள் செல்லும் ஆற்றலில் பெரும்பகுதி அலையாக வெளியேறாமல் வெப்பமாகிவிடும். தொலைவு மிகுந்த தகவல்தொடர்புக்கு இதை நம்பமுடியாது; சில மீட்டருக்குள் படிக்கப்படும் அடையாளச் சீட்டுகளுக்கும் உடல்மேல் ஒட்டும் உணரிகளுக்கும் இவ்விழப்பு தாங்கத்தக்கதே.

வளைதிறன் வாய்த்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பது மிகையான எதிர்பார்ப்பு. வளையும்போது ஆன்டெனாவின் வடிவம் மாறுவதால் அதற்குரிய அதிர்வெண்ணும் சற்றே விலகுகிறது. எப்பொருளால் செய்தாலும் இது நேரும். கலவையிலுள்ள பிஎஸ்எஸ் ஈரத்தை உறிஞ்சுவதோ இப்பாலிமருக்கே உரிய தனிக்குறை; வியர்வை படும் இடங்களில் மேலே காப்புப் படலம் வேண்டும், அப்படலமும் ஆன்டெனாவோடு சேர்ந்து விரிசலின்றி வளையவேண்டும்.