பச்சோந்தி ஏன் தரைக்கு இறங்கியது?

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலைப் பொழுது. பரமத்தி வேலூரை அடுத்த சிற்றூரிலிருந்து வரும் மாணவர் ஒருவர் அட்டைப் பெட்டியொன்றை என் மேசைமேல் வைத்தார். உள்ளே ஒரு பச்சோந்தி. கிளுவை வேலியோரம் தரையில் ஊர்ந்து போனதாம், வளர்க்கலாமென்று பிடித்துவிட்டார்.

"மூன்று நாளாக வெட்டுக்கிளி போட்டும் தின்னவில்லை, சார். பெட்டியையே பிறாண்டிக்கொண்டிருக்கிறது. ஏதாவது நோயா?"

நோயன்று. வயிறு இருபுறமும் புடைத்து, தோலுக்கடியில் மணிமணியாக முட்டைகள் தெரிந்தன.

பச்சோந்தியின் கால்கள் கிளையைப் பற்றும் இடுக்கி போன்றவை. தரையில் நடக்க ஏற்றவை அல்ல. ஆயினும் முட்டையிட வேண்டிய காலத்தில் தாய் கீழே இறங்கியே ஆகவேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் நம் பச்சோந்தி, மழை நனைத்த மண்ணில் குழி தோண்டி, சுமார் 10 முதல் 30 முட்டைகள் வரை இட்டு, மூடிவிட்டுப் போய்விடும். அடைகாப்பதில்லை.

அடைகாக்கும் வேலையை மண் செய்கிறது. எப்படி? பகலின் வெப்பமும் இரவின் குளிர்ச்சியும் ஓர் அலையைப் போல மண்ணுக்குள் இறங்குகின்றன. இறங்க இறங்க அலை தேய்கிறது. ஈரமண்ணில் ஏறத்தாழ 12 செ.மீ.க்கு ஒருமுறை அதன் வீச்சு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். மேற்பரப்பில் பகலிரவு வேறுபாடு 20 டிகிரி என்றால், 12 செ.மீ. ஆழத்தில் சுமார் 7, 24 செ.மீ. ஆழத்தில் 3 டிகிரிகூட இராது. முட்டையின் ஓடோ தோல் போன்றது. மண்ணின் ஈரத்தை உறிஞ்சித்தான் உள்ளே கரு வளர்கிறது.

தோண்ட மண் கிடைக்காவிட்டால் தாய் முட்டைகளை வயிற்றிலேயே அடக்கிக்கொள்ளும். சில நாட்களில் அது இறந்துபோகவும் கூடும். அந்தப் பிறாண்டலின் பொருள் இதுதான்.

மேலைநாடுகளில் ஏமன் நாட்டுப் பச்சோந்தியை வளர்ப்போர், கையால் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதத்தில் ஈரமணலை ஓர் ஆழமான வாளியில் நிரப்பிக் கூண்டில் வைப்பார்கள். ஆள் நடமாட்டம் தெரியாதபடி துணியால் மறைப்பார்கள்; யாரேனும் பார்த்தால் தோண்டுவதைப் பாதியில் விட்டுவிடும். இந்த இனத்தில் ஆண் துணையின்றியே பெண் முட்டையிடுவதும் உண்டு, அவை பொரியா. முட்டை ஓட்டுக்கான கால்சியம் போதாவிட்டால் தாயின் எலும்பிலிருந்து போகும். கால்சியத்தை உடல் ஏற்க வைட்டமின் டி வேண்டும். அதற்குப் புற ஊதாக்கதிர் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் அந்தக் கதிர் வடிகட்டப்பட்டுவிடும்.

நம் பச்சோந்திக்கு வாளி வைக்கும் பேச்சே இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். மாணவர் இதை அறியார். அன்று மாலையே இருவரும் சென்று, பிடித்த அதே வேலியடியில் விட்டு வந்தோம். நல்லவேளை, அந்தக் காட்டுக்காரர் கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கல்தூணும் கம்பியும் இன்னும் போடவில்லை.

நான்கு நாள் கழித்து, "வேலியடியில் மண் புதிதாகக் கிளறி மூடியிருக்கிறது, தோண்டிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டார்.

வேண்டாமென்றேன். நாமக்கல் மாவட்டத்தாருக்கு முட்டை புதிதல்ல; அடைக்கோழி தன் முட்டைகளை அடிக்கடி புரட்டி விடுவதைப் பார்த்திருப்போம். ஊர்வனவற்றின் முட்டைக்கு அது ஆகாது. கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டி வளர்வதால், புரட்டினால் இறந்துவிடக்கூடும். குஞ்சுகள் வெளிவரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை அந்த இடத்தில் மண்வெட்டி படாமல் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.