மென்பொருள் பணியை வெளியே ஒப்படைக்கும்போது

கிழக்கேகோட்டையிலும் அதனை அடுத்த சாலைக் கம்போளத்திலும் வணிகம் செய்யும் வாடிக்கையாளர்கள் பலர், பில் போடவும் சரக்கிருப்பைக் கணக்கிடவும் இணையத்தில் விற்கவும் தமக்கெனத் தனி மென்பொருள் செய்துகொள்ள விரும்புகின்றனர். அதற்கான குழுவைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நகரின் வடபுறம் கழக்கூட்டத்தில் 1990இல் நிறுவப்பட்ட டெக்னோபார்க், இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவாகும். குழு கிடைப்பது எளிது. அதனுடன் மனக்கசப்பின்றிப் பல ஆண்டுகள் பணியாற்றுவதே அரிது.

பொறுப்பு நம்முடையதே

வங்கிகளும் தம் கணினிப் பணிகளில் ஒரு பகுதியை வெளி நிறுவனங்களிடம் ஒப்படைக்கின்றன. இதற்கென இந்திய ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரல் 10 அன்று வெளியிட்ட நெறிமுறைகள், அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. பணி வெளியே சென்றாலும் வாடிக்கையாளருக்கான பொறுப்பு வங்கியையே சாரும் என்பது அவற்றின் அடிப்படை. தணிக்கை செய்யும் உரிமை, துணை ஒப்பந்தக்காரரை அமர்த்த முன் இசைவு, ஒப்பந்தம் முடிவுறும்போது செய்ய வேண்டிய ஏற்பாடுகள் ஆகியவற்றை அவை வலியுறுத்துகின்றன. இவை கடைகளைக் கட்டுப்படுத்தா எனினும், சிறு வணிகர்க்கும் நல்ல முன்மாதிரியாகும்.

உரிமை எவருடையது?

பணம் கொடுத்தவருக்கே மென்பொருள் சொந்தம் என்று பலரும் எண்ணுகின்றனர். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்புகளுள் ஒன்றாக வைத்துள்ளது. ஊழியர் தம் பணியின்போது எழுதிய நிரல் முதலாளியைச் சேரும். வெளியார் குழு எழுதியதோ, உரிமை மாற்றப்படாத வரை, பொதுவாக அக்குழுவுக்கே உரியது. உரிமை மாற்றம் எழுத்து வடிவில், கையொப்பத்துடன் இருந்தாலன்றிச் செல்லாது. காலவரம்பு குறிக்கப்படாவிடில் அது 5 ஆண்டுகளுக்கே எனக் கொள்ளப்படும். எனவே நிரலின் உரிமையையும் காலத்தையும் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்க. இணைய முகவரி, சர்வர் கணக்கு ஆகியவை உரிமையாளர் பெயரிலேயே பதிவாகட்டும். குழுவினர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் அளித்தால், ஒருவர் விலகும்போது அவருடையதை மட்டும் நிறுத்திவிடலாம். சோதனைக்கு உண்மையான வாடிக்கையாளர் விவரங்களைத் தராதீர்கள்.

குழுவின் நம்பிக்கையைக் காத்தல்

பெரும்பாலான பூசல்கள் இரண்டு இடங்களில் பிறக்கின்றன: இடையில் கூட்டப்படும் வேலை, தாமதமாகும் பணம். பணியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஏற்பு அளவுகோலையும் தொகையையும் குறித்துக்கொள்வது நலம். புதிதாகத் தோன்றும் தேவைக்குத் தனி விலையும் தனித் தவணையும் பேசி எழுதுக.

குழு, பதிவுபெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாயின், 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் பொருந்தும். எழுத்து ஒப்பந்தம் இருப்பினும், பணியை ஏற்ற நாளிலிருந்து 45 நாட்களுக்கு மேல் தொகையை நிறுத்திவைத்தல் கூடாது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாகச் சேரும். சட்டத்துக்கு அஞ்சி மட்டுமன்றி, மாதச் சம்பளத்தை நம்பி அங்கும் இளைஞர்கள் இருக்கின்றனர் என்பதை எண்ணியும் உரிய நாளில் கொடுப்பதே முறை.

ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் நிரலின் நகலையும் பயன்பாட்டுக் குறிப்பையும் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிய நேர்ந்தாலும் கடை மூடாது. குழுவுக்கும் நிலுவை இராது.