வானை அளந்த மகளிர்

நுழையும்முன்

அறிவியல் எல்லார்க்கும் பொது. ஆயினும், அறிவியல் கூடங்களின் கதவுகள் எல்லார்க்கும் ஒரே காலத்தில் திறக்கவில்லை. வானியலிலும் இயற்பியலிலும் பெண்கள் நுழைந்த வரலாறு திறமையின் வரலாறு மட்டுமன்று. வாய்ப்புகளின் வரலாறும் ஆகும். அவ்வரலாற்றையும், இன்று மேல்நிலை வகுப்பில் பயில்வோர்க்குத் திறந்திருக்கும் வழிகளையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

அருந்ததிக்கு அருகில்

நம் திருமணச் சடங்குகளில் மணமகளுக்கு அருந்ததியைக் காட்டும் வழக்கம் உண்டு. வடவானில் எழுமீன் கூட்டத்தில், வசிட்டன் எனப்படும் விண்மீனை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. தலைமுறை தலைமுறையாக மணமகள் அதனை நோக்கி வணங்கியிருக்கிறாள். ஆனால், அந்த விண்மீன் எவ்வளவு தொலைவில் உள்ளது, எதனால் ஆனது, ஏன் ஒளிர்கிறது என்று அவள் கேட்பாள் என யாரும் எதிர்பார்க்கவில்லை.

வசிட்டனை மேலைநாட்டார் மிசார் என்பர். அதன் ஒளிமிக்க பகுதி, தொலைநோக்கியிலும் ஒற்றை விண்மீனாகவே தோன்றியது. 1889ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு வான் ஆய்வகத்தில் அதன் நிறமாலைப் படங்களை ஆராய்ந்தனர். நிறமாலைக் கோடு சில நாள்களில் ஒன்றாகவும் வேறு சில நாள்களில் இரண்டாகவும் தெரிந்தது. ஒன்றையொன்று சுற்றிவரும் இரு விண்மீன்களே ஒன்றுபோல் தோன்றுகின்றன என்பது இதனால் புலனாயிற்று. அவற்றின் சுற்றுக்காலத்தைக் கணக்கிடும் பணியில் ஈடுபட்டவர் அந்தோணியா மோரி என்னும் பெண்மணி. நம் நாட்டு மணமகள் வணங்கி நின்ற விண்மீனின் துணையை, உலகின் மற்றொரு மூலையில் ஒரு பெண் அளந்துகொண்டிருந்தார்.

கணக்கிட்ட கைகள்

அக்காலத்தில் ஹார்வர்டு ஆய்வகத்தார் இரவுதோறும் வானைக் கண்ணாடித் தகடுகளில் படம்பிடித்தனர். தொலைநோக்கியை இயக்குவது பெரும்பாலும் ஆடவர் பணியாக இருந்தது. தகடுகளை ஆராய்ந்து கணக்கிடுவது மகளிர் பணியாக இருந்தது. அம்மகளிர் ‘கணிப்பாளர்கள்’ என்றே அழைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ஹென்றியட்டா லெவிட். தொடக்கத்தில் ஊதியமின்றிப் பணியாற்றிய இவருக்குப் பின்னர் மணிக்கு 30 சென்ட் ஊதியமாக வழங்கப்பட்டது.

இரவில் தொலைவில் ஒரு விளக்கு தெரிகிறது எனக் கொள்வோம். அது அருகிலுள்ள சிறு விளக்கா, தொலைவிலுள்ள பெரு விளக்கா என்பதை ஒளியைக்கொண்டு மட்டும் கூற இயலாது. விளக்கின் உண்மையான ஆற்றல் தெரிந்தால், அது மங்கித் தெரியும் அளவைக்கொண்டு தொலைவைக் கணக்கிட்டுவிடலாம். விண்மீன்களுக்கும் இதுவே பொருந்தும். ஆனால், ஒரு விண்மீனின் உண்மை ஒளியை அறிவது எங்ஙனம்?

லெவிட் இதற்கு விடை கண்டார். சீராகக் கூடிக் குறையும் ஒளியை உடைய ‘சீஃபீடு’ வகை விண்மீன்களை, சிறிய மெகல்லன் மேகம் என்னும் விண்மீன் திரளில் அவர் ஆராய்ந்தார். அத்திரளில் உள்ளவை யாவும் நம்மிடமிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் இருப்பவை. எனவே, அவற்றுள் ஒளிமிக்கதாகத் தோன்றுவது உண்மையிலும் ஒளிமிக்கதாகவே இருக்கவேண்டும். 25 விண்மீன்களை ஒப்பிட்டு, ஒளி கூடிக் குறைய எடுத்துக்கொள்ளும் காலம் நீள நீள விண்மீனின் உண்மை ஒளியும் மிகுகிறது என்னும் தொடர்பை 1912இல் அவரது ஆய்வு நிறுவியது. இனி ஒரு சீஃபீடின் துடிப்புக் காலத்தை அளந்தாலே போதும். அதன் உண்மை ஒளியும், அதனால் அதன் தொலைவும் தெரிந்துவிடும்.

இந்த அளவுகோலைக் கொண்டே எட்வின் ஹபிள், ஆந்த்ரோமெடா என்பது நம் பால்வெளிக்கு அப்பாலுள்ள தனியொரு விண்மீன் திரள் என நிறுவினார். அதனைக் காண லெவிட் உயிரோடு இல்லை. அவர் 1921இலேயே மறைந்துவிட்டார். பேரண்டத்தை அளக்கும் கோலைத் தந்தவர், தொலைநோக்கியைத் தம் விருப்பம்போல் பயன்படுத்தும் உரிமையைப் பெறாமலேயே மறைந்தார்.

ஓர் உதவித்தொகை திறந்த கதவு

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் சிசிலியா பெய்ன். அங்குப் பெண்கள் பாடங்களைக் கற்கலாம், தேர்வெழுதலாம், ஆனால், முழுமையான பட்டம் பெற இயலாது. 1948ஆம் ஆண்டுதான் அப்பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப்பட்டம் வழங்கத் தொடங்கியது. தம் நாட்டில் ஆசிரியப் பணி தவிர வேறு வழியில்லை என்பதைப் பெய்ன் உணர்ந்தார். அவ்வேளையில் ஹார்வர்டு வான் ஆய்வகம் பெண்களுக்கென ஆய்வு உதவித்தொகை ஒன்றை ஏற்படுத்தியிருந்தது. அதனைப் பெற்று 1923இல் அவர் அமெரிக்கா சென்றார்.

இரண்டே ஆண்டுகளில் அவர் எழுதிய ஆய்வேடு, விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை எனக் காட்டியது. புவியில் உள்ள தனிமங்களே ஏறக்குறைய அதே அளவில் கதிரவனிலும் உள்ளன என அறிஞர்கள் நம்பியிருந்த காலம் அது. துறையின் மூத்த அறிஞர் ஹென்றி நோரிஸ் ரசல் இம்முடிவை ஏற்கவில்லை. அதனால், தாம் கண்ட அளவு பெரும்பாலும் உண்மையாக இராது எனப் பெய்னே தம் ஆய்வேட்டில் எழுத நேர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்குப்பின், வேறு வழியில் ஆராய்ந்த ரசலும் அதே முடிவுக்கு வந்தார். 1956இல் பெய்ன் ஹார்வர்டில் பேராசிரியராகவும் துறைத்தலைவராகவும் உயர்ந்தார். அவர்தம் திறமை கேம்பிரிட்ஜிலும் இருந்தது. அங்கு இல்லாதது வாய்ப்பு ஒன்றே.

இந்திய மண்ணில்

திருவிதாங்கூரின் பீர்மேட்டில் 1918இல் பிறந்தவர் அன்னா மாணி. எட்டாம் பிறந்தநாளில் வைரத்தோடு வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் எனக் கேட்டவர் என்பர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சர் சி. வி. இராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். தோடாக அணிய மறுத்த வைரத்தை அங்கு ஆய்வுப்பொருளாக ஏற்றார். வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்வைப் பற்றித் தனியொருவராய்க் கட்டுரைகள் வெளியிட்டார். ஆயினும், முதுநிலைப் பட்டம் இல்லை என்னும் காரணத்தால் அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது.

அதன்பின் அரசின் உதவித்தொகை ஒன்று அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றது. அவர் விரும்பியது இயற்பியல். கிடைத்தது வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி. கிடைத்ததைப் பற்றிக்கொண்டார். 1948இல் நாடு திரும்பி இந்திய வானிலை ஆய்வுத்துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார். நாடெங்கும் கதிரவ ஆற்றலை அளக்கும் நிலையங்களை நிறுவினார். முனைவர் பட்டம் பெறாமலே அத்துறையின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்து 1976இல் ஓய்வு பெற்றார்.

கொல்கத்தாவைச் சேர்ந்த பிபா சௌத்ரி, விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தவர். தேவேந்திர மோகன் போஸுடன் இணைந்து, மலையுச்சிகளில் ஒளிப்படத் தகடுகளை வைத்து, அவற்றில் பதிந்த துகள்களின் தடங்களை அளந்தார். இரண்டாம் உலகப்போரால் நுண்ணிய தகடுகள் கிடைக்காமற்போகவே ஆய்வு தடைப்பட்டது. மேம்பட்ட தகடுகளைக் கொண்டு இதே வழியில் சென்ற செசில் பவல் 1950இல் நோபல் பரிசு பெற்றார். பல ஆண்டுகள் பேசப்படாதிருந்த பிபாவின் பெயர், 2019இல் பன்னாட்டு வானியல் ஒன்றியத்தால் ஒரு விண்மீனுக்குச் சூட்டப்பட்டது.

தெரிந்து தெளிவோம்

இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற பெண்கள்:
1903 – மேரி கியூரி
1963 – மரியா கோப்பர்ட் மேயர்
2018 – டோனா ஸ்ட்ரிக்லேண்ட்
2020 – ஆண்ட்ரியா கெஸ்
2023 – ஆன் லூலியே
முதல் பெண்ணுக்கும் இரண்டாம் பெண்ணுக்கும் இடையே 60 ஆண்டுகள். இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் இடையே 55 ஆண்டுகள். பின்னர் ஐந்தே ஆண்டுகளில் மூவர்.

இன்றைய செய்திகள்

2023 செப்டம்பர் 2ஆம் நாள் விண்ணில் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1, கதிரவனை ஆராய்வதற்கென இந்தியா அனுப்பிய முதல் விண்கலம். புவியிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலையை அது 2024 சனவரி 6ஆம் நாள் அடைந்தது. அத்திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி. தென்காசி மாவட்டம் செங்கோட்டையில் பிறந்து, அவ்வூரில் பள்ளிக்கல்வியும் திருநெல்வேலியில் பொறியியல் கல்வியும் பயின்றவர்.

அக்கலத்தின் முதன்மைக் கருவியை உருவாக்கியது பெங்களூருவிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம். நூறாண்டுகளுக்கும் மேலாகக் கதிரவனை நோக்கிவரும் கொடைக்கானல் ஆய்வகமும், திருப்பத்தூர் மாவட்டம் சவ்வாது மலையில் 2.34 மீட்டர் தொலைநோக்கியுடன் விளங்கும் காவலூர் ஆய்வகமும் அந்நிறுவனத்தைச் சார்ந்தவை. அங்கு ஆய்வு மாணவியாகத் தொடங்கிய அன்னபூரணி சுப்பிரமணியம், 2019இல் அந்நிறுவனத்தின் இயக்குநரானார்.

உலக அளவிலும் மாற்றம் நிகழ்ந்துள்ளது. அமெரிக்காவின் பாலோமர் மலை ஆய்வகத்தில் 1960களின் இடைப்பகுதி வரை பெண்கள் தம் பெயரில் முறையாக ஆய்வு செய்ய இடமில்லை. அத்தடையைக் கடந்து சென்றவர் வேரா ரூபின். விண்மீன் திரள்களின் சுழற்சியை அளந்து, கண்ணுக்குப் புலனாகாத கரும்பொருள் உண்டு என்பதற்கு வலுவான சான்று தந்தவர். சிலி நாட்டின் மலையொன்றில் 8.4 மீட்டர் ஆடியுடன் அமைந்து, 2025 சூனில் முதற்படங்களை வெளியிட்ட மாபெரும் ஆய்வகம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

வழிகள் பல

வானியல் என்றவுடன் தொலைநோக்கியில் கண்வைத்திருக்கும் ஒருவரே நம் நினைவுக்கு வருகிறார். இன்றைய வானியல் பலருடைய கூட்டுழைப்பு. ஆடி செய்வோர், மின்னணுக் கருவி வடிவமைப்போர், மென்பொருள் எழுதுவோர், தரவுகளைப் பகுத்தாய்வோர், கோட்பாடு வகுப்போர், கோளரங்குகளிலும் கல்லூரிகளிலும் கற்பிப்போர் என யாவர்க்கும் இதில் இடமுண்டு. மேல்நிலை வகுப்பில் இயற்பியலும் கணிதமும் பயில்வதே இவற்றின் முதற்படி.

பன்னிரண்டாம் வகுப்புக்குப்பின், திருவனந்தபுரம், திருப்பதி உள்ளிட்ட ஏழு இடங்களிலுள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களில் ஐந்தாண்டுப் படிப்பில் சேரலாம். இதற்கெனத் தனி நுழைவுத்தேர்வு உண்டு. புவனேசுவரத்திலுள்ள தேசிய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்திற்கு ‘நெஸ்ட்’ தேர்வும், திருவனந்தபுரத்திலுள்ள இந்திய விண்வெளி அறிவியல், தொழில்நுட்ப நிறுவனத்திற்கு ‘ஜே.இ.இ. அட்வான்ஸ்டு’ தேர்வும் வாயில்கள். இவை கிட்டாவிடினும் வழி அடைபடுவதில்லை. அருகிலுள்ள கலைக்கல்லூரியில் இளநிலை இயற்பியல் பயின்று, ‘ஜாம்’ தேர்வின்வழி முதுநிலைக்கும், ‘ஜெஸ்ட்’, ‘நெட்’ முதலிய தேர்வுகளின்வழி முனைவர் பட்ட ஆய்வுக்கும் செல்லலாம். ஆய்வுக்காலத்தில் மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. இளநிலை ஆய்வாளருக்கான தொகை 2023இல் 37,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

மகளிர்க்கெனவும் திட்டங்கள் உள்ளன. ஆறாம் வகுப்பு முதல் அரசுப்பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறும் மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கியது. மைய அரசின் ‘விஞ்ஞான் ஜோதி’ திட்டம், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவியரை அறிவியல் துறைகளுக்கு ஆற்றுப்படுத்துகிறது. குடும்பப் பொறுப்பால் ஆய்வை இடையில் நிறுத்திய பெண்கள் மீண்டும் தொடரவும் உதவித்தொகைகள் உள்ளன.

இவற்றிற்கான விண்ணப்பங்கள் பெரும்பாலும் பொதுத்தேர்வுக் காலத்தை ஒட்டியே கோரப்படுகின்றன. செய்தி உரிய நாளில் எட்டியவர் விண்ணப்பிக்கிறார். நாள் கடந்து எட்டியவர் ஓராண்டை இழக்கிறார். திறமையில் இருவரும் ஒன்றாக இருக்கலாம். ஆதலால், வாய்ப்புகளைப் பற்றிய செய்தியை அறிவதும், அறிந்ததைப் பிறர்க்கு அறிவிப்பதும் கல்வியின் பகுதிகளே ஆகும்.

பெற்றதைத் தருதல்

1967இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல், தாம் சேர்ந்து உருவாக்கிய ரேடியோ தொலைநோக்கியின் பதிவுத்தாளில் சிறு கிறுக்கல் ஒன்றைக் கண்டார். குறையென்று ஒதுக்காமல் தொடர்ந்து ஆராய்ந்தார். ஏறத்தாழ 1.34 நொடிக்கு ஒருமுறை துடிக்கும் புதுவகை விண்மீன் அது. அக்கண்டுபிடிப்புக்கான நோபல் பரிசு 1974இல் அவருடைய வழிகாட்டிக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. 2018இல் வேறொரு பரிசாக 30 இலட்சம் டாலர் அவரைத் தேடி வந்தது. அத்தொகை முழுவதையும், இயற்பியலில் வாய்ப்புக் குறைந்த பிரிவினர் முனைவர் பட்ட ஆய்வு செய்வதற்கான உதவித்தொகையாக வழங்கிவிட்டார்.

பெய்னுக்குக் கதவு திறந்ததும் உதவித்தொகையே. அன்னா மாணிக்கு வழி காட்டியதும் உதவித்தொகையே. அத்தகைய கதவு ஒன்றைப் பிறர்க்காகத் திறந்துவைத்தார் பெல். எழுமீன் கூட்டம் தெரியும் இரவுகளில் வடவானை நோக்கினால் வசிட்டனும் அருந்ததியும் அங்கேயே இருப்பதைக் காணலாம். அவற்றை வணங்கி நிற்பதோடு அமையாமல் அளந்து பார்க்கவும் இன்று வழி உண்டு. அவ்வழியை அறிந்தவர், வகுப்பறையில் தமக்கு அருகில் அமர்ந்திருப்பவருக்கும் அதனைக் கூறுதல் வேண்டும்.