டார்ச் அடிச்சா முங்கும், பொறுத்தா மேல வரும்!

தொட்டித் தண்ணீரில் டார்ச் வெளிச்சம் விழுகிற அந்த நொடியைப் பார்க்க வேண்டுமே! அதுவரை நீரின் மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த கொசுப்புழுக்கள் நெளிந்து நெளிந்து அடிமட்டத்துக்கு ஓடி ஒளிகின்றன. நம்மைப் போன்றவர்கள் எட்டிப் பார்த்தால், "தண்ணி சுத்தமால்லா இருக்கு" என்று திரும்பிவிடுவோம். கொசு ஒழிப்புப் பணிக்கு வருகிற அக்கா திரும்ப மாட்டார். டார்ச்சைப் பிடித்த கை அசையாமல் அப்படியே நிற்பார். புழுவுக்கு மூச்சுக்குழல் வால் பக்கத்தில் இருக்கிறது. காற்று வேண்டுமென்றால் வாலை மேலே நீட்டியே தீர வேண்டும். எவ்வளவு நேரம்தான் ஒளிந்திருக்கும்? ஒன்று, இரண்டு, நான்கு என்று ஏறி வருகின்றன.

"டார்ச் அடிச்சா முங்கும், பொறுத்தா மேல வரும். அவசரப்பட்டா அம்புட்டும் ஏமாத்திப்புடும்" என்கிறார் அக்கா. எனக்குக் கைதட்டத் தோன்றியது!

பொதுச் சுகாதாரம் என்றால் சுவரொட்டி, ஆட்டோவில் ஒலிபெருக்கி, தெருவில் புகையடிக்கும் எந்திரம். இந்த முன்பக்கம் எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பின்பக்கம் பார்க்க ஆசை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் இருக்கிற மேலகரத்தில், குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊரில், சாரல் பிடித்துக்கொண்ட ஒரு காலை நேரம். டெங்கு ஒழிப்புப் பணியாளர்கள் இரண்டு பேரின் பின்னாலேயே அடுக்களை, புறவாசல், மொட்டைமாடி என்று ஏறி இறங்கினேன். ஊரில் இவர்களை டிபிசி என்பார்கள். சில வீடுகளில் 'கொசு மருந்துக்கார அக்கா'. நான் பார்த்த அளவில் இவர்களைப் போன்ற துப்பறியும் ஆட்கள் காவல் துறையில்கூடக் குறைவு.

பையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஒரு டார்ச், ஒரு வெள்ளைக் கிண்ணம், மருந்து உறிஞ்சுகிற குழாய், சின்னப் பாட்டில், தேய்க்கிற பிரஷ், புழுவைக் கொல்கிற அபேட் மருந்து, ஒரு நோட்டு. இவ்வளவுதான்! வெள்ளைக் கிண்ணம் எதற்கு? கறுத்த தொட்டியில் தெரியாத புழு, வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினால் எழுத்துப்போலத் தெரியும். அதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தில் ஒரு பெருமை.

இனி முக்கியமான இரகசியம். இவர்கள் ஒவ்வொரு தெருவுக்கும் வாரம் ஒருமுறை, அதே கிழமையில் வரப் பார்க்கிறார்கள். ஏன் வாரம்? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, சிறகு முளைத்துப் பறக்க நம் ஊர் வெக்கையில் ஏழு முதல் பத்து நாள் ஆகும். அந்த நாளுக்குள் ஒருமுறை தொட்டியைக் காலி செய்துவிட்டால் ஒரு தலைமுறை முழுவதும் போச்சு! ஒரு வாரம் தவறினால் அது பறந்துவிடும். பறந்தபின் பிடிப்பது நடக்காத காரியம். டெங்குவோடு நடக்கிற போர் முழுவதும் இந்த ஏழு நாளுக்குள்தான் இருக்கிறது. தடுப்பூசி, மருந்து, எந்திரம் எல்லாம் பெரிய பேச்சு. பூச்சியின் நாட்காட்டியும் அக்காவின் நாட்காட்டியும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அதற்கு மேலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏடிஸ் தண்ணீருக்குள் முட்டை இடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டவைக்கிறது. தொட்டி காய்ந்து போனாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். மறுபடி தண்ணீர் ஏறி முட்டையைத் தொட்டதும் பொரியும். எனவே தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்படியே மீண்டும் நிரப்பினால் அரை வேலைதான் நடந்திருக்கிறது. உள்பக்கச் சுவரைப் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். அக்கா தேய்த்துக் காட்டினார். விளிம்புக்குக் கீழே உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரிகிற கறுப்புப் புள்ளிகள்!

குற்றாலச் சாரல் நமக்கு வரம். பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் கொட்டுகிற ஜூன், ஜூலை, ஆகஸ்டில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றோடு பன்னீர் தெளித்ததுபோல மேலகரத்திலும் தூறிக்கொண்டே இருக்கும். அடித்துப் பெய்கிற மழை புழுக்களை அலசிக்கொண்டு போய்விடும். இந்தத் தூறல் அலசாது. சின்னச் சின்னக் குழிகளை மெல்ல நிரப்பி, அப்படியே வற்றவிடாமல் வைத்திருக்கும். சிரட்டை, வெட்டிப்போட்ட இளநீர்க் கூடு, பழைய டயர், உபயோகமில்லாத ஆட்டுக்கல்லின் குழி, செடித்தொட்டியின் அடித்தட்டு, யாரோ குடித்து வீசிய டீ கப். ஒரு டீ கப்பில் உள்ள தண்ணீர் போதும், டஜன் கணக்கில் கொசு வளரும்! சீசனுக்கு வருகிற கூட்டத்தையும் சேர்த்துப் பாருங்கள். எங்கெங்கிருந்தோ காய்ச்சலின் முதல் நாளைத் தெரியாமலேயே சுமந்துகொண்டு யாராவது வரலாம். விடுதி மாடியில் மூடி போடாத தொட்டி ஒன்று இருந்தால் வைரஸ் அங்கேயே தங்கிவிடும்.

இரண்டாவது தெருவில் ஒரு வீடு. வாசலில் கோலம், உள்ளே கண்ணாடிபோல் துடைத்த தரை.

"ஆச்சி, தொட்டிய எப்ப கழுவுனிய?"

"வெள்ளிக்கிழமைதான்ம்மா. பாரு, துணி கட்டித்தான் மூடியிருக்கேன்."

தொட்டி பரிசுத்தம். குடம், அண்டா எல்லாம் கவிழ்த்து வைத்திருக்கிறது. எனக்கு, அடுத்த வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தது. அக்கா அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தார்.

"பிரிட்ஜ கொஞ்சம் நகட்டட்டுமா ஆச்சி?"

"அதுக்குப் பின்னால என்னம்மா இருக்கப் போவுது?"

நகர்த்தினார்கள். பின்பக்கம் கீழே, கம்ப்ரசருக்கு மேலே ஒரு சின்னப் பிளாஸ்டிக் தட்டு. உருகி வடிகிற தண்ணீர் அதில்தான் சேரும். இதமான சூடு, இருட்டு, யாரும் தொடாத இடம். கிண்ணத்தில் ஊற்றியதும் ஆச்சி வாயில் கைவைத்துவிட்டார். ஐந்தாறு புழுக்கள், நடுவே காற்புள்ளிபோல வளைந்த இரண்டு கூட்டுப்புழுக்கள்! "நாளைக்குப் பறந்திருக்கும் ஆச்சி" என்றார் அக்கா. ஆச்சி பேரனைக் கூப்பிட்டுக் காட்டினார். அடுத்த ஐந்து நிமிடம் அந்த வீட்டில் திருவிழாதான்.

கூட்டுப்புழுவைக் கண்டதும் இவர்களுக்கு ஏன் அவ்வளவு பரபரப்பு? அந்தப் பருவத்தில் அது எதையும் தின்னாது. அபேட் ஊற்றினாலும் அதற்குப் பெரிதாக உறைக்காது. கொட்டுவது ஒன்றே வழி. புழுவாக இருக்கிறவரை அபேட் நன்றாக வேலை செய்யும். குடிதண்ணீரில்கூட ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவில் சேர்க்க உலக சுகாதார நிறுவனம் அனுமதித்திருக்கிறது. வாசனை பிடிக்காமல் "எங்க தொட்டியில ஊத்தாதிய" என்று சொல்கிற வீடுகளும் உண்டு. அங்கெல்லாம் அக்கா வாதாடுவதில்லை. "சரி, அப்ப நீங்களே தேச்சுக் கழுவுங்க, நான் நிக்கேன்" என்று நின்றுவிடுவார். எவ்வளவு அழகான பேரம்!

புழுவைப் பார்த்தே ஜாதகம் சொல்கிறார்கள். தண்ணீர் மட்டத்துக்கு இணையாகப் படுத்துக் கிடந்தால் அனாபிலஸ், மலேரியாக் கொசு. நீண்ட மூச்சுக்குழலோடு சாய்ந்து தொங்கினால் கியூலக்ஸ், யானைக்கால் நோய்க் கொசு. அது பெரும்பாலும் சாக்கடையைத் தேடும். குட்டையான தடித்த குழலோடு பாம்புபோல் நெளிந்தால் ஏடிஸ். டெங்குக் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. நாம் பத்திரமாகச் சேர்த்து வைக்கிற தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். 'எங்க வீட்டுத் தண்ணி சுத்தம்' என்கிற வீட்டில்தான் அது குடியிருக்கிறது.

மாலையில் நோட்டிலிருக்கிற கோடுகள் எண்ணாகின்றன. நூறு வீடு பார்த்து நான்கு வீட்டில் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு நான்கு. அந்த நான்கு வீட்டிலும் சேர்த்து ஒன்பது பாத்திரங்களில் இருந்தால் பிரெட்டோ குறியீடு ஒன்பது. இரண்டாவது எண் ஏறினால், ஒரே வீட்டில் பல இடங்களில் பெருகுகிறது என்று பொருள். யாருக்காவது டெங்கு என்று பரிசோதனையில் உறுதியானால், அந்த வீட்டைச் சுற்றியுள்ள வீடுகளையெல்லாம் அலசுவார்கள். ஏடிஸ் அதிக தூரம் பறக்காது. பெரும்பாலும் நூறு, இருநூறு மீட்டருக்குள்ளேயே வாழ்ந்து முடிந்துவிடும். எனவே கடித்த கொசு பக்கத்து வீட்டுக்காரிதான்!

இந்த மண்ணுக்கு டெங்கு புதிதில்லை. டெங்கு போன்ற காய்ச்சல் 1780இலேயே சென்னையில் பரவியதாக மருத்துவ வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. நம் பக்கத்தில் மறக்க முடியாத ஆண்டு 2012. தென்காசிக்கு வடக்கே இருக்கிற கடையநல்லூர் அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தென்காசி தனி மாவட்டமானது 2019இல்தான். 2012 கோடையில் கடையநல்லூரில் காய்ச்சல் வீடு வீடாகப் படுக்கவைத்தது, உயிர்களையும் எடுத்தது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் பதிவான டெங்கு நோயாளிகள் 12,826 பேர், இறந்தவர்கள் 66 பேர். மழை பெய்யாத மே மாதத்தில் டெங்குவா என்று பலரும் திகைத்தார்கள். குழாயில் தினமும் தண்ணீர் வராத ஊரில், வரும்போது பிடித்துச் சேர்த்து வைக்காமல் எப்படி வாழ முடியும்? சேர்த்துவைத்த இடமெல்லாம் ஏடிஸுக்குத் தொட்டில். என்னைக் கேட்டால், நாள் தவறாமல் குழாயில் தண்ணீர் கொடுப்பதே முதல் டெங்கு மருந்து.

புகையடிப்பது பற்றியும் கேட்டேன். அடிக்க வேண்டிய நேரம் உண்டு, பறக்கிற கொசுவைக் குறைக்கும். ஆனால் ஏடிஸ் கட்டிலுக்கு அடியில், கொடியில் தொங்குகிற சட்டைக்குப் பின்னால், வீட்டின் இருட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும். தெருவில் போகிற புகை அங்கே போய்ச் சேர்வதே பெரிய பாடு. தொட்டிக்குள் இருக்கும் புழுவை அது தொடவே தொடாது. எந்திரத்தின் சத்தத்துக்கு ஊரே கூடுகிறது. பிரஷ் சத்தத்துக்கு யார் கூடுகிறார்கள்?

இந்த வாரக் கணக்கு மேலகரத்தில் பிறந்ததில்லை என்பது இன்னும் குதூகலம். 1901இல் கியூபாவின் ஹவானாவில் வில்லியம் கோர்கஸ் என்ற மருத்துவர், இதே ஏடிஸ் பரப்பிய மஞ்சள் காய்ச்சலை வீடு வீடாகத் தொட்டி பார்த்தே விரட்டினார். பிரேசிலில் 1930களில் பிரெட் சோப்பர் வாரந்தோறும் மாறாத பாதையில் ஆய்வாளர்களை அனுப்பினார். அவர்கள் பார்த்த வீட்டை மேற்பார்வையாளர்கள் மறுபடி போய்ச் சோதித்தார்கள். 1958இல் பிரேசிலில் ஏடிஸ் எஜிப்தி அறவே இல்லை என்று அறிவித்தார்கள்! பத்தாண்டு கழியும் முன்பே அது திரும்பி வந்துவிட்டது. நமக்கும் இதில் பழைய பாத்தியதை உண்டு. 1939ஆம் ஆண்டின் சென்னை மாகாணப் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே கொசு ஒழிப்புக்கென்று தனியாக ஓர் அத்தியாயம் எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஆய்வுக்கூடத்துக் கதையும் உண்டு. மதுரையில் 1985இல் தொடங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையம், பிடித்த கொசுக்களுக்குள் டெங்கு வைரஸ் இருக்கிறதா என்று தேடிய இடம். ஆண் கொசு இரத்தம் குடிக்காது. அதன் உடலில் வைரஸ் கிடைத்தால், தாய்க் கொசு முட்டை வழியாகவே பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறது என்று அறியலாம். எவ்வளவு நுட்பமான தடயம்! புதுச்சேரியின் நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம், வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022இல் அறிவித்தது. அந்தப் பாக்டீரியா உள்ளே இருந்தால் கொசுவால் டெங்குவை எளிதில் பரப்ப முடியாது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் இப்படிப்பட்ட கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது என்று 2021இல் ஆய்வு முடிவு வந்தது. நம் ஊர்களுக்கு அது வந்து சேரும்வரை டார்ச்சும் பிரஷும்தான்.

அவற்றைப் பிடித்திருக்கிற கைகளுக்குத் தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் தினக்கூலிதான், தற்காலிக வேலைதான். சிண்டெக்ஸ் தொட்டியை எட்டிப் பார்க்க நனைந்த ஏணியில் ஏறுகிறார்கள். நாய் குரைக்கிற கேட்டைத் திறக்கிறார்கள். பட்டப்பகலில் முன்பின் தெரியாத வீட்டின் அடுக்களைவரை போகிற நம்பிக்கையை, வாரா வாரம் பேசிப் பேசிச் சம்பாதிக்கிறார்கள். அந்த அறிவுக்கும் நம்பிக்கைக்கும் நிரந்தர வேலையும் சம்பளமும் தர வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

சரி, நீங்களும் பார்க்க வேண்டாமா? இன்றைக்கே பிரிட்ஜை மின் இணைப்பிலிருந்து கழற்றிவிட்டு நகர்த்துங்கள். தட்டில் இருக்கும் தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி, டார்ச் அடித்து, முப்பது எண்ணுகிறவரை கையை அசைக்காமல் நில்லுங்கள். பிள்ளைகளையும் கூப்பிடுங்கள், அவர்கள் கண்ணுக்கு நம்மைவிடச் சீக்கிரம் தெரியும். புழு இருந்தால் வாய்க்காலில் ஊற்றாதீர்கள், அங்கே தண்ணீர் இருந்தால் பிழைத்துக்கொள்ளும். வெயில் படுகிற காய்ந்த மண்ணில் கொட்டுங்கள். தட்டைப் பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகு மாட்டுங்கள். அடுத்த வாரம் அதே கிழமையில் மறுபடி.