உங்களுக்குத் தெரியுமா? வாணத்தில் நீலம்தான் கஷ்டம்!

தீபாவளி வானத்தில் சிவப்பும் பச்சையும் தாராளமாக விரியும். அழுத்தமான நீலம்தான் அரிது, பட்டாசுத் தொழிலுக்கே பிடிபடாத நிறம் அது. சிவப்பு ஒளியின் அலைநீளம் சுமார் 650 நானோமீட்டர், நீலம் 450. அலை குறுகக் குறுக ஆற்றல் கூடும். ஒரு நீல ஃபோட்டானில் (ஒளித்துகளில்) சிவப்பைப்போல் 1.4 மடங்கு. அப்படியானால் சூட்டைக் கூட்டினால் நீலம் வராதா என்று கேட்கலாம். வராது, இருப்பதும் போகும். கம்பி மத்தாப்பில் சிதறும் இரும்புப் பொறி சூட்டால் ஒளிர்கிறது. வாணத்தின் நிறமோ உலோக உப்பின் வேலை. சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குச் செம்பு. அந்த நீலத்தை உமிழும் செம்பு குளோரைடு மூலக்கூறு கடுஞ்சூட்டில் உடைந்துவிடும். சூட்டைத் தணித்தாலோ வெளிச்சம் மங்கிவிடும்.